பாத்திரம் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் பார்க்குமுன் உங்கள் அடுப்பைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போதும், புதுவீடு குடிபுகும்போதும், பிள்ளைகளைத் தனிக்குடித்தனம் வைக்கும்போதும் நம் வீடுகளில் பாத்திரப் பேச்சு தொடங்கிவிடும். பேரங்காடியில் பளபளக்கும் பெட்டியில் ‘12 பொருள் செட்’ காத்திருக்கும். வீட்டுக்கே வந்து சமைத்துக் காட்டி, மாதத் தவணையில் தருகிறேன் என்பவரும் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறோம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதில் இரண்டோ மூன்றோதான் அடுப்பேறுகிறது. மற்றவை அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளம் இப்படிப் பாத்திரத்தில் முடங்குவது சின்ன விஷயமல்ல.

நம் சமையலுக்கு உண்மையில் எத்தனை பாத்திரம் வேண்டும், எந்த உலோகம் எதற்கு ஏற்றது, கடையில் எதைக் கவனிக்க வேண்டும், தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் அடுப்பு

தோட்டத்து லயங்களில் ரப்பர் விறகு எரிந்த காலத்தில் எந்தப் பாத்திரமும் அடுப்பேறும். மண்சட்டி, அலுமினியப் பானை, வட்ட அடி கொண்ட இரும்புக் குவாலி எல்லாம் அந்த நெருப்பைத் தாங்கின. கேஸ் அடுப்பிலும் பெரிய மாற்றமில்லை. கேஸ் தோம்பு வைத்துச் சமைப்பவர்கள் எந்த உலோகத்தையும் தயங்காமல் வாங்கலாம்.

சிக்கல் வருவது இண்டக்‌ஷன் அடுப்பில்தான். அடுக்குமாடி வீடுகளிலும் வாடகை அறைகளிலும் இப்போது அது பெருகிவிட்டது. அந்த அடுப்பு தீயால் சூடாக்குவதில்லை. அதன் அடியில் இருக்கும் கம்பிச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்கி, பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. எனவே காந்தம் ஒட்டும் அடி இருந்தால்தான் வேலை செய்யும். சாதாரண அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் அதில் சூடாகாது. வட்ட அடி குவாலியும் அதன்மேல் உட்காராது.

கடைக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் இண்டக்‌ஷனுக்கு ஆகும். இன்று கேஸ் வைத்திருப்பவர்களும் இதைப் பார்ப்பது நல்லது. நாளை வீடு மாறினால் பாத்திரத்தையும் மாற்ற வேண்டியிராது.

இன்னொரு செய்தி. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் சுவரிலுள்ள மூன்று முள் பிளக்கில் நேராகச் செருகுங்கள். ரைஸ் குக்கரும் கெட்டிலும் சேர்ந்து தொங்கும் நீட்டுக் கம்பியில் செருகாதீர்கள். ஒரே இணைப்பில் இத்தனையும் ஓடினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அடுப்பில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

‘12 பொருள்’ கணக்கு

பெட்டியில் 12 என்று போட்டிருந்தால் 12 பாத்திரம் என்று பொருளல்ல. மூடியும் ஒரு பொருள்தான். ஆவித்தட்டும் கரண்டியும்கூட எண்ணிக்கையில் சேரும். நான்கு சட்டி, அவற்றுக்கு நான்கு மூடி, ஒரு பொரியல் சட்டி, ஓர் ஆவித்தட்டு, இரண்டு கரண்டி என்றால் 12 ஆகிவிட்டது. அடுப்பில் ஏறுவது ஐந்துதான்.

அந்த ஐந்தும் நமக்கு ஏற்றவையா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான செட்டுகள் மேல்நாட்டுச் சமையலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நீண்ட கைப்பிடி வைத்த சிறு சட்டிகள் இரண்டு மூன்று இருக்கும். தோசைக்கல் இருக்காது. மீ கோரேங் கிளற ஆழமான குவாலி இருக்காது. சோறு ரைஸ் குக்கரில் வேகிறது என்பதால் பெரிய பானைக்கும் வேலையில்லை.

நம் வீட்டுக்கு ஐந்து போதும்

நான்கைந்து பேர் உள்ள வீட்டில் அன்றாடச் சமையலுக்குக் கீழ்க்கண்ட ஐந்தும் போதும்.

ஒன்று, குவாலி. 32 முதல் 34 செ.மீ. அகலம். சம்பல், கோழிப் பிரட்டல், கீரை, மீ கோரேங் எல்லாம் இதில் முடியும். கேஸ் அடுப்பென்றால் வட்ட அடி, இண்டக்‌ஷன் என்றால் தட்டை அடி.

இரண்டு, குழம்புச் சட்டி. அடி கனமான எவர்சில்வர், 22 முதல் 24 செ.மீ. அகலம், 4 முதல் 5 லிட்டர் கொள்ளளவு. சாம்பார், புளிக்குழம்பு, கறி, பாயசம் ஆகியவற்றுக்கு.

மூன்று, சிறு சட்டி. 18 செ.மீ., 2 லிட்டர். பால், தேநீர், ரசம், குழந்தைக்குக் கஞ்சி.

நான்கு, பிரஷர் குக்கர். 5 லிட்டர். பருப்பு, கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி.

ஐந்து, தோசைக்கல். 28 செ.மீ. தோசை, சப்பாத்தி, மீன் பொரியல்.

இட்லிப் பானை, மீன் குழம்புக்கு மண்சட்டி ஆகியவை அவரவர் வழக்கப்படி ஆறாவது, ஏழாவதாக வரலாம். திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் வேண்டிய பெரிய பானையை ஆண்டுக்கு இருமுறைதான் எடுப்போம். உறவினரிடம் இரவல் வாங்கினாலே போதும்.

எந்த உலோகம் எதற்கு?

எவர்சில்வர்: புளி, தக்காளி, எலுமிச்சை எதற்கும் அஞ்சாது. மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நல்ல ரகத்தில் 304 என்றோ 18/8, 18/10 என்றோ பொறித்திருக்கும். முதல் எண் குரோமியம், இரண்டாவது எண் நிக்கல், இரண்டும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டுகின்றன. 18/0 என்றால் நிக்கல் இல்லை. அது காந்தத்தில் ஒட்டும். 201 போன்ற மலிவு ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். ஈரத்தில் அவை எளிதில் துருப் புள்ளி பிடிக்கும்.

‘காந்தம் ஒட்டினால் மட்ட ரக எவர்சில்வர்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது இண்டக்‌ஷன் வராத காலத்துப் பேச்சு. இன்று நல்ல பாத்திரங்களில் உட்புறம் காந்தம் ஒட்டாத 304-ஆக இருக்கும். அடியில் மட்டும் காந்தம் ஒட்டும் தகடு வைத்திருப்பார்கள். அது குறையல்ல, வசதி.

எவர்சில்வரின் குறை, வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது. அலுமினியம் அதைப்போல ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் சட்டியில் பாயசம் நடுவில் மட்டும் அடிபிடிப்பது இதனால்தான். எனவே இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவில் அலுமினியம் வைத்த அடி இருக்கிறதா என்று கேளுங்கள். அடியில் மட்டுமின்றிப் பக்கச் சுவரிலும் இப்படி மூன்றடுக்கு இருந்தால் ‘ட்ரை-பிளை’ என்பார்கள். விலை கூடும். குழம்புச் சட்டிக்கு அடி கனமாக இருந்தாலே போதும்.

அலுமினியம்: விலை குறைவு, எடை குறைவு, சீக்கிரம் சூடாகும். ஆனால் புளிப்பு பட்டால் உலோகம் கரையும். புளிக்குழம்பு, ரசம், அச்சாறு ஆகியவற்றை இதில் சமைப்பதையும், சமைத்ததை இரவு முழுவதும் இதிலேயே வைப்பதையும் தவிர்க்க வேண்டும். பால், தண்ணீர் காய்ச்சவும், இட்லி அவிக்கவும் பயன்படுத்தலாம். அலுமினியப் பாத்திரத்தால் மறதி நோய் வரும் என்ற பேச்சு இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ‘ஹார்ட் அனோடைஸ்டு’ என்ற கருஞ்சாம்பல் நிறப் பாத்திரத்தில் மேற்பரப்பைக் கடினமாக்கியிருப்பார்கள். அது புளிப்பைப் பெருமளவு தாங்கும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கலக்கக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; கருவுற்ற தாய்மார்களுக்கும் ஆபத்து. எல்லா இண்டாலியச் சட்டியும் கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் தயாரிப்பாளர் பெயர், முத்திரை எதுவும் இல்லாமல் எடைக்கு விற்கும் பாத்திரத்தில் குழந்தைக்குச் சமைக்காதீர்கள்.

இரும்பு: தோசைக்கும் வறுவலுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. உணவில் சிறிது இரும்புச் சத்தும் சேரும். புது இரும்பைப் பழக்க வேண்டும். நன்றாகக் கழுவி, அடுப்பில் உலர்த்தி, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தோய்த்துத் தேயுங்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். கழுவியதும் தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைக்காமல், அடுப்பில் காட்டி உலர்த்தி ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். புளிக்குழம்பை இரும்பில் வைத்தால் கறுத்து, சுவையும் மாறிவிடும்.

நான்-ஸ்டிக்: முட்டை, தோசை, குறைந்த எண்ணெயில் மீன் ஆகியவற்றுக்கு வசதி. இதன் பூச்சு சுமார் 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். செம்பனை எண்ணெய் புகைவது ஏறக்குறைய 230 பாகையில். ஆகவே எண்ணெய் புகைந்தால் எல்லை அருகில் என்று தெரிந்துகொள்ளலாம். அதிகச் சூடேறிய பூச்சின் புகை பறவைகளைக் கொன்றுவிடும். கிளியோ மெர்போக்கோ வளர்ப்பவர்கள் கூண்டைச் சமையலறையில் வைக்கக் கூடாது.

நான்-ஸ்டிக் சட்டியில் மரக்கரண்டி, மெல்லிய பஞ்சு ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். கீறல் விழுந்து பூச்சு உரியத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் இது சில ஆண்டுகளுக்குத்தான் உழைக்கும். எனவே இதற்கு அதிகம் செலவழிக்காதீர்கள். ‘செராமிக்’ பூச்சு வேறு வகை. கூடுதல் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒட்டாத தன்மை விரைவில் போய்விடும்.

மண்சட்டி: மீன் குழம்புக்கு இன்றும் தனி ருசி. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர்கள் பொங்கல் பானை வனைவது பலருக்குத் தெரியும். புதுச் சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய நீரை ஊற்றி மெதுவாகக் கொதிக்கவையுங்கள். சோப்பு போட வேண்டாம். மண் அதைக் குடித்துக்கொள்ளும். உட்புறம் பளபளவென்று வண்ணப் பூச்சு பூசிய, எங்கிருந்து வந்ததென்று தெரியாத சட்டியில் புளி சேர்த்துச் சமைக்காதீர்கள். அந்தப் பூச்சில் காரீயம் இருக்கக்கூடும்.

பித்தளை: பாட்டி விட்டுச் சென்ற பித்தளைப் பானை பல வீடுகளில் இருக்கிறது. உட்புறம் வெள்ளீயம் பூசியிருந்தால் பொங்கல் வைக்கலாம். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளிப்பு, உப்பு எதையும் அதில் சமைக்கக் கூடாது. மறுபடி பூசக் கொடுக்கும்போது, பூசுவது வெள்ளீயமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பிரஷர் குக்கரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகையில் கொதிக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரத்தில் விலையைக் குறைக்கப் பார்ப்பது ஆபத்து. இந்தியத் தயாரிப்பு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் கைக் குக்கர், வேறு நிறுவனத்தின் ரப்பர் வளையம், வேறு குக்கரின் விசில் ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பேற்றாதீர்கள்.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, கடலை என்றால் பாதிதான். அவை நுரைத்து ஆவி வழியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்தில் பிடித்து ஆவித் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வளையம் கடினமாகி வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியை முறுக்கித் திறக்காதீர்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது என்பதையும் மறவாதீர்கள்.

எடையும் கைப்பிடியும்

ஐந்து லிட்டர் குழம்பே ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். சட்டியின் எடை இரண்டு கிலோ என்றால் தூக்குவது ஏழு கிலோ. கடையில் வெறும் சட்டியைத் தூக்கிப் பார்த்து ‘கனமாக, நன்றாக இருக்கிறது’ என்று வாங்கி வந்தபின், மணிக்கட்டு வலியோடு சமைக்கும் அம்மாவால் அதை இறக்கி வைக்க முடிவதில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையே அழைத்துப்போய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய சட்டிக்கு இரண்டு பக்கமும் காது வேண்டும். ஒற்றை நீளக் கைப்பிடி சிறு சட்டிக்குத்தான். கைப்பிடி ஆணியால் அறையப்பட்டதா, திருகால் இணைக்கப்பட்டதா என்று பாருங்கள். திருகு தளரும், தளர்ந்தால் முடுக்க வழி இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கைப்பிடியை எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

சைவத்துக்குத் தனிப் பாத்திரம்

வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் தைப்பூச விரதமும் கடைப்பிடிக்கும் வீடுகளில் சைவத்துக்கென்று தனிப் பாத்திரம் வைப்பது நம் வழக்கம். இதற்காக இன்னொரு செட் வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் குழம்புச் சட்டி ஒன்றும் சிறு குவாலி ஒன்றும் தனியாக இருந்தால் போதும். இரும்பும் மண்ணும் மீன், இறைச்சி மணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றைப் பொதுவில் வைக்காமல் சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீடு தேடி வரும் விற்பனை

சமைத்துக் காட்டி விற்பவர்கள் பலர் நேர்மையானவர்கள்தான். ஆனால் ஒரு ‘சோதனை’யைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாத்திரத்திலும் அவர்கள் பாத்திரத்திலும் தண்ணீரில் சமையல் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்து, சுவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் சட்டித் தண்ணீர் கசக்கும். ‘இந்த விஷத்தைத்தான் தினமும் சாப்பிடுகிறீர்கள்’ என்பார்கள். சோடா காரத்தன்மை கொண்டது; அலுமினியத்தோடு வினைபுரியும். நாம் சோடாத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதில்லை. உங்கள் வீட்டிலுள்ள நல்ல எவர்சில்வர் சட்டியில் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்பதும் விற்பனைப் பெயரே. கேட்க வேண்டியது எந்த எண், 304-ஆ 316-ஆ என்பதைத்தான்.

அடுத்து தவணைக் கணக்கு. ரொக்க விலை 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 130 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 3,120 வெள்ளி. கூடுதலாகக் கட்டுவது 720 வெள்ளி. அந்தத் தொகையிலேயே ஒரு நல்ல குக்கரும் குவாலியும் குழம்புச் சட்டியும் வாங்கிவிடலாம். ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்காமல் ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேளுங்கள்.

மலேசியாவில் வீடு வீடாக வந்து விற்பது 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்துக்கு உட்பட்டது. நிறுவனத்துக்கு ‘ஏ.ஜெ.எல்.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்டபின் மனம் மாறினால் 10 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய உரிமையுண்டு. ‘பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம்’ என்று அவசரப்படாமல், அந்த நாட்களில் வீட்டில் கலந்து பேசுங்கள். ரத்துக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்ப வராவிட்டாலோ, பொருள் பழுதாக இருந்து மாற்றித் தர மறுத்தாலோ பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இத்தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதை முதலில் வாங்குவது?

பணம் ஒரேயடியாக இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒவ்வொன்றாக வாங்குவதே நல்லது. முதல் மாதம் குவாலியும் சிறு சட்டியும். அடுத்து குக்கர். அதன்பின் அடி கனமான குழம்புச் சட்டி. தோசைக்கல்லை அம்மா வீட்டிலிருந்து கேட்டுப் பாருங்கள். பழகிய பழைய இரும்புக் கல் புதிதைவிட மேல். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்கு லிட்டில் இந்தியா போன்ற இடங்களின் பாத்திரக் கடைகளில் தனித்தனியாகவே கிடைக்கும். தீபாவளிக் கூட்டத்தில் போகாமல் சாதாரண நாளில் போனால் நிதானமாகத் தூக்கிப் பார்த்து, காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வீட்டுச் சமையலைக் கவனியுங்கள். எந்தச் சட்டி தினமும் கழுவப்படுகிறது, எது ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். தினமும் கழுவும் பாத்திரத்துக்குத்தான் நல்ல விலை கொடுக்க வேண்டும். மற்றதை வாங்காமல் விட்டாலே பாதிச் செலவு மிச்சம்.